எதில் கழுவுவது?

சென்னையில் யாரிடமாவது போய், ‘நல்ல டெவலப்பர் இருந்தா சொல்லுங்களேன்’ என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர், ஓ.எம்.ஆர். பக்கம் டபுள் பெட்ரூம் ஃப்ளாட் கட்டித் தருகிறவரின் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டுவார்கள். மீதிப் பேர், அதே ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து ஜாவா எழுதுகிற மச்சினனின் செல் நம்பரைத் தருவார்கள். நான் தேடியது மூன்றாவது ரகம். பாட்டிலில் வரும். இல்லாவிட்டால் பொட்டலத்தில், பவுடராக.

கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கழுவுகிற மருந்துக்கும் டெவலப்பர் என்றுதான் பெயர். ‘அதெல்லாம் இன்னுமா இருக்கு?’ என்பீர்கள். இருக்கிறது. கோடாக் 2012ல் மஞ்சக் கடுதாசி கொடுத்தது. அதற்கு முன்பே 2005ல் ஆக்ஃபா போட்டோ கடையைக் கட்டியது. இருந்தும் ஃபிலிம் சாகவில்லை. உலகம் முழுக்கக் கொஞ்சம் கிறுக்கர்கள் அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கிறுக்கர்கள் இரண்டு பேர் சந்தித்தால் கேமரா பற்றிச் சண்டை போடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? கிடையாது. எந்த டெவலப்பர் உசத்தி என்றுதான் சண்டை. பில்டர் காபியா, இன்ஸ்டன்ட்டா சண்டை மாதிரி. தீராது.

நான் பி.காம். பத்திரிகை ஆபீசில் பி.காம். படித்தவனைச் சேர்த்தால் பட்ஜெட் வரும்போது உபயோகப்படுவான் என்று நினைப்பார்கள். 2002ல் நான் சேர்ந்த இடத்திலும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் பட்ஜெட் வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. மீதி நாள்களில் நான் கேன்டீனுக்குப் பக்கத்தில் இருந்த டார்க் ரூமில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஏ.சி. உண்டு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அதை ஆண்டுகொண்டிருந்த அண்ணன்.

அண்ணனுக்கு அப்போதே ஐம்பத்தைந்துக்கு மேல். விரல் நுனியெல்லாம் பழுப்பேறி, வெடித்திருக்கும். மெட்டால் என்று ஒரு ரசாயனம். டெவலப்பரில் அது முக்கியமான சரக்கு. சிலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது. (இந்த விஷயத்தில் கையுறை போடாத வீரம் வேண்டாம்.) டிஜிட்டல் கேமராக்கள் வந்து அவருடைய வேலையைப் பாதியாகக் குறைத்திருந்தன. அதனால் சொல்லித்தர நிறைய நேரம் இருந்தது. கேட்டுக்கொள்ள நான் ஒருத்தன் இருந்தேன்.

‘தம்பி, ஃபிலிம்ல படம் ஏற்கெனவே இருக்கு. நாம ஒண்ணும் கொண்டாரலை. படம் இல்லாத எடம் கறுத்துப் போகாம பாத்துக்கறோம். அவ்ளோதான் டெவலப்பிங்’ என்பார்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. ஃபிலிமின் மீது பூசியிருப்பது வெள்ளி உப்புத் துகள்கள். வெளிச்சம் பட்ட துகளில் நாலைந்து அணு மட்டும் வெள்ளியாக மாறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. எந்த மைக்ராஸ்கோப்பை வைத்துப் பார்த்தாலும் வெறும் ஃபிலிம்தான். டெவலப்பர் வந்து, அந்த நாலைந்து அணுவைப் பிடித்துக்கொண்டு, துகள் முழுவதையும் வெள்ளியாக்கிவிடுகிறது. அதுதான் நெகட்டிவில் தெரிகிற கறுப்பு. கோடிக்கணக்கான மடங்குப் பெருக்கல். வட்டிக்கு விடுகிறவன்கூட இந்த ரேட்டைக் கனவு காணமாட்டான்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், டெவலப்பருக்கு வெளிச்சம் பட்ட துகள்மேல் ஆசை அதிகமே தவிர, படாத துகளை அது வெறுப்பதில்லை. நேரம் கொடுத்தால் அதையும் கறுப்பாக்கிவிடும். யாரைத் தொடவேண்டும், யாரைத் தொடக்கூடாது என்கிற பாகுபாடு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதில்தான் டெவலப்பருக்கு டெவலப்பர் வித்தியாசம். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் ஆபீசில் ஒரே ஒரு டெவலப்பர்தான். டி-76. 1927ல் கோடாக் சினிமா நெகட்டிவுக்காக உருவாக்கியது. பிறகு உலகத்தில் பாதி நெகட்டிவ் அதில்தான் நனைந்திருக்கும் என்று அண்ணன் சொல்வார். இல்ஃபோர்டு கம்பெனி ஐடி-11 என்று விற்பதும் கிட்டத்தட்ட அதேதான். இட்லிக்கு ஊர் ஊருக்கு வேறு பேர் வைத்த மாதிரி.

இதன் சூத்திரம் ராணுவ ரகசியம் இல்லை. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம். வெங்காரம் என்றால் நகைப் பட்டறையில் பொடி வைத்து ஊதும்போது தூவுவார்களே, அதேதான். அண்ணன் பாரிமுனையிலிருந்து தனித்தனியாக வாங்கிவந்து, தராசில் நிறுத்துக் கலப்பார். வரிசை முக்கியம். ஐம்பது டிகிரி சூட்டில் முக்கால் லிட்டர் தண்ணீர். முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட். பிறகு மெட்டால். அது முழுக்கக் கரைந்த பிறகுதான் மீதி சல்ஃபைட். அவசரப்பட்டுச் சல்ஃபைட் மொத்தத்தையும் முதலில் கொட்டினால் மெட்டால் கரையவே கரையாது. அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரசத்தில் பருப்புத் தண்ணீரை எப்போது விடுவது என்பது மாதிரி ஒரு கணக்கு இது. காரணம் தெரியாதவர்களும் வரிசையை மாற்றமாட்டார்கள்.

ஏன் நூறு கிராம் சல்ஃபைட்? மருந்து காற்றுப்பட்டுக் கெடாமல் இருக்க என்றால் அவ்வளவு தேவையில்லை. அந்த அளவுக்குப் போட்டால் அது வெள்ளித் துகளின் ஓரத்தை லேசாகக் கரைக்கும். துகள் மழுங்கும். படம் வழவழவென்று வரும். ஆனால், மழுங்கியது மழுங்கியதுதான். கூர்மை கொஞ்சம் போய்விடும்.

இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. பற்று என்று ஒன்று இருந்தால் வரவு என்று ஒன்று இருந்தே தீரவேண்டும். டெவலப்பரிடம் நாம் எதிர்பார்ப்பது மூன்று. துகள் தெரியக்கூடாது, ஓரங்கள் கூர்மையாக இருக்கவேண்டும், மங்கலான வெளிச்சத்தில் எடுத்ததும் விழவேண்டும். மூன்றையும் முழுசாகக் கொடுக்கிற மருந்து கிடையாது. ஒன்றை வாங்கினால் இன்னொன்றில் கழித்துக்கொள்வான்.

உதாரணத்துக்கு, ரோடினால். 1891ல் ஜெர்மனியில் பேட்டன்ட் வாங்கியது. அப்போது பாரதியாருக்கு எட்டு வயது. இன்றைக்கும் வேறு வேறு பெயர்களில் விற்கிறார்கள். ஒரு பங்கு மருந்துக்கு ஐம்பது பங்கு, சிலர் நூறு பங்குகூடத் தண்ணீர் விடுவார்கள். டீ டிகாஷன் நிறத்துக்கு மாறிய பிறகும் வருஷக்கணக்கில் வேலை செய்யும். இதில் கழுவினால் ஒவ்வொரு ஓரமும் பிளேடால் கீறிய மாதிரி நிற்கும். துகளும் அதே அழகில் நிற்கும். ரவை தூவினாற்போல. கிழவர்களின் முகத்துக்கு நன்றாக இருக்கும். கல்யாணப் பெண்ணுக்குப் போட்டால் அடிக்க வருவார்கள்.

ஒரு உபரித் தகவல்: ரோடினாலின் உள்ளே இருக்கிற சரக்கும் நம் காய்ச்சல் மாத்திரை பாராசிட்டமாலும் பங்காளிகள். மாத்திரையைப் பொடித்து, காஸ்டிக் சோடாவும் சல்ஃபைட்டும் சேர்த்து, வீட்டிலேயே ரோடினால் மாதிரி ஒன்றைத் தயாரிக்கிற ஆள்கள் இருக்கிறார்கள். தலைவலிக்காக வாங்கியதை ஃபிலிமுக்குப் போட்டுவிட்டுத் தலைவலியோடு உட்கார்ந்திருப்பார்கள் போலிருக்கிறது.

இன்ஸ்டன்ட் காபியிலும் கழுவலாம். விளையாட்டில்லை. 1995ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு வகுப்பில் செய்துகாட்டினார்கள். காபித்தூளும் சலவை சோடாவும். பிற்பாடு அதில் வைட்டமின் சி-யும் சேர்ந்துகொண்டது. வேலை செய்வது காபியில் இருக்கிற கஃபீக் அமிலம், கஃபீன் இல்லை. எனவே கஃபீன் நீக்கிய காபியும் சரிதான். நான் செய்து பார்த்தேன். படம் நன்றாகவே வந்தது. வீட்டில் எழுந்த வாசனையைப் பற்றி என் மனைவி சொன்னதை எடிட்டர் அச்சிடமாட்டார். ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் காபி குடிக்கவில்லை.

1996ல் கோடாக் எக்ஸ்டால் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதிலும் வைட்டமின் சி-யின் சொந்தக்காரர் ஒருவர்தான் கதாநாயகன். நான் சொன்ன மூன்றையும் ஓரளவுக்குச் சமாளித்துத் தருகிற கெட்டிக்கார மருந்து. ஆனால் பொட்டலத்தைப் பிரித்தால் ஐந்து லிட்டர் கலக்கவேண்டும். மாதத்துக்கு இரண்டு ரோல் எடுக்கிறவன் ஐந்து லிட்டரை என்ன செய்வான்? டெட் ஸ்டாக். எந்தக் கடைக்காரரும் செய்யாத காரியம்.

ஆகவே, என்னைக் கேட்டால், டெவலப்பர் தேர்வு என்பது கலை இல்லை. சரக்கு இருப்புக் கணக்கு. மாதத்துக்கு எத்தனை ரோல்? கலந்து வைத்த மருந்து எத்தனை நாள் சும்மா கிடக்கும்? உங்கள் குழாயில் வருகிற தண்ணீரின் சூடு என்ன? இந்த மூன்றுக்கும் பதில் சொன்னால் போதும். பத்து ரோல், இருபது ரோல் ஓடுகிறவர் டி-76 கலக்கட்டும். எப்போதாவது எடுக்கிறவர் ரோடினால் மாதிரி, பாட்டிலில் கெட்டியாகக் கிடந்து, தேவைப்படும்போது கொஞ்சமாக நீர்க்கச் செய்துகொள்கிற சரக்குக்குப் போகட்டும்.

மூன்றாவது கேள்வி நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். எல்லாப் பொட்டலத்திலும் 20 டிகிரி என்று போட்டிருக்கும். இங்கிலாந்தில் அது குழாயைத் திறந்தால் வரும். சென்னையில் சித்திரை மாதம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வருவதில் டீத்தூளைப் போட்டால் டீயே ஆகிவிடும். ஹெச்.பி.5 ஃபிலிமை ஐடி-11ல் அப்படியே போட்டால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 24 டிகிரிக்குப் போனால் ஐந்து நிமிடத்தைத் தொடும். அதற்கும் கீழே குறைந்தால் மருந்து ஃபிலிமெங்கும் சீராகப் பரவாது, திட்டுத்திட்டாக விழும். அதையே பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால் 20 டிகிரியில் 13 நிமிடம். 24லும் ஒன்பது நிமிடம் கிடைக்கும். எனவே நம் ஊர்க்காரர்கள் நீர்க்க வைத்தே கழுவவேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் செய்ததுபோல, கேன்டீன் ஃப்ரிஜ்ஜிலிருந்து ஐஸ் கடத்தவேண்டும். ரொம்பச் சூடானால் ஃபிலிமின் மேல்பூச்சு இளகும். அது ஜெலட்டின்தானே. ஜெல்லியை வெயிலில் வைத்தால் என்ன ஆகும்?

இதையெல்லாம் விட்டுவிட்டு மாதம் ஒரு டெவலப்பராக மாற்றிக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு டாக்டர் மாற்றுகிற நோயாளிகள் ஞாபகம்தான் வருகிறது. நிழலில் ஒரு முகம் இருக்கிறது. படமெடுக்கும்போது அதற்குப் போதிய வெளிச்சம் கொடுக்கவில்லை. பிறகு எதில் கழுவினாலும் அந்த முகம் வராது. கழுவுகிற நேரத்தைக் கூட்டிக் குறைத்து, வெளிச்சமான பகுதிகள் எவ்வளவு கறுக்கலாம் என்பதை வேண்டுமானால் பிடித்து வைக்கலாம். நிழல் என்பது ஷட்டரோடு முடிந்துபோன கதை.

நிற்க. இவ்வளவு நேரம் சொன்னது எல்லாம், இந்த ரோல் போனால் அடுத்த ரோல் என்று இருக்கிறவர்களுக்கு. அடுத்த ரோல் என்று ஒன்று இல்லாவிட்டால்?

1897ல் ஆந்த்ரே என்கிற ஸ்வீடன்காரர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பலூனில் வடதுருவத்துக்குக் கிளம்பினார். பலூன் மூன்று நாளில் பனியில் இறங்கிவிட்டது. நடந்தே திரும்பப் பார்த்து, ஒரு பனித்தீவில் செத்துப்போனார்கள். 33 வருஷம் கழித்து, 1930ல் உடல்கள் கிடைத்தன. கூடவே கேமராவும், எடுத்துக் கழுவாத ஃபிலிம்களும். ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவரிடம் கொடுத்தார்கள். சுமார் 240 படங்களில் 93ஐ அவர் மீட்டார். பனியில் சாய்ந்து கிடக்கிற பலூனும், பக்கத்தில் நின்று அதைப் பார்க்கிற இரண்டு பேரும் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறார்கள் என்றால் அவரால்தான். அந்த ஃபிலிமைத் தொட்டியில் இறக்குவதற்கு முந்தைய இரவு மனுஷன் தூங்கியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

அமெரிக்காவில் கேரி வினோகிராண்ட் என்று ஒரு பிரபல போட்டோகிராபர். 1984ல் இறந்தபோது, எடுத்துக் கழுவாமலே 2,500 ரோல்களுக்கு மேல் விட்டுவிட்டுப் போனார். எடுத்த உணர்ச்சி ஆறட்டும் என்று வேண்டுமென்றே ஆறப்போடுகிற பழக்கம் அவருக்கு உண்டு.

என் சித்தப்பா விட்டுப்போனது ஒரே ஒரு ரோல்.

சங்கரன்கோவிலில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். யாஷிகா கேமரா, தாஜ்மகால் வரைந்த திரைச்சீலை, ஒரு மர நாற்காலி. 1991ல் பக்கவாதம் வந்து வலதுகை விழுந்துவிட்டது. ஸ்டூடியோவைக் காலி செய்தார்கள். கேமராவை ஒருவர் வாங்கிக்கொண்டு போனபோது, உள்ளே இருந்த ரோலைச் சித்தப்பா சொல்லச் சொல்ல சித்தி சுற்றியெடுத்து, வெள்ளித்தாளில் பொதிந்து, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். ‘வேற யார்ட்டயும் குடுத்துராத. நானே கழுவுவேன்’ என்று 2008ல் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதனால் சித்தி யாரிடமும் கொடுக்கவில்லை. அவர் போன பிறகும் ஒன்பது வருஷம் கொடுக்கவில்லை. 2017ல் வீடு மாறும்போதுதான் டப்பாவை என் கையில் வைத்தார்.

‘ஏய்யா, நீ இதெல்லாம் கழுவுவியாம்ல. உள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லேன்.’

வெள்ளித்தாளைப் பிரித்தேன். நம் ஊட்டி ஃபிலிம். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்று 1960ல் மத்திய அரசு தொடங்கிய கம்பெனி. ‘இந்து’ என்ற பெயரில் விற்றார்கள். மதமில்லை, நிலா என்று அர்த்தம். நஷ்டத்தில் மூழ்கி, அந்தக் கம்பெனியும் மூடப்பட்டுவிட்டது. ஃபிலிமின் வேகம் எவ்வளவு என்று அச்சடித்திருந்த இடத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. 26 வருஷம் சங்கரன்கோவில் வெயிலில் இரும்பு பீரோவுக்குள் கிடந்த சரக்கு. அவ்வளவு காலம் சூட்டில் கிடந்தால், வெளிச்சமே படாத துகளும் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளியாகிவிடும். டெவலப்பரின் கண்ணுக்கு யார் அசல், யார் போலி என்று அடையாளம் தெரியாது. எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நின்றுகொள்ளும்.

நான் அண்ணனைத் தேடிக்கொண்டு போனேன். ரிட்டயராகி, பெரம்பூரில் மகன் வீட்டில் இருந்தார். ரோலைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

‘எதுல போடப் போறீங்க?’

என்னிடம் மூன்று இருந்தன. டி-76. ரோடினால். மூன்றாவதாக, சிங்கப்பூரிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஹெச்.சி.-110. பாகு மாதிரி கெட்டியாக இருக்கும். கோடாக் 1962ல் கொண்டுவந்தது. ஆன்ஸல் ஆடம்ஸ் கடைசிக் காலத்தில் விரும்பி உபயோகித்தார். எனக்கு அதுவல்ல முக்கியம். பழைய ஃபிலிமில் மூட்டத்தை அதிகம் கிளப்பாது என்று அதற்குப் பேர்.

‘டி-76 நமக்குக் கைவந்த மருந்து’ என்றார் அண்ணன். ‘புதுசை நம்பி எறங்காதீங்க.’

‘புதுசு இல்லண்ணே. நீங்க பள்ளிக்கூடம் போகும்போது வந்தது.’

சிரித்தார். பிறகு, ‘கடைசி ஃப்ரேமுக்கு அந்தாண்ட ரெண்டு விரல்கடை வெறும் ஃபிலிம் இருக்கும். அதைக் கத்தரிச்சு ரெண்டு துண்டாக்குங்க. ஒண்ணு இதுல, ஒண்ணு அதுல. எது ஜெயிக்குதோ அது’ என்றார்.

இருட்டுப் பைக்குள் கையை விட்டு, தடவித் தடவிக் கத்தரித்தேன். ஒரு துண்டு டி-76ல். ஒரு துண்டு ஹெச்.சி.-110ல். இரண்டிலும் படம் எதுவும் இருக்கப்போவதில்லை. ஆனால், ஃபிலிமின் ஓரத்தில் கம்பெனியில் வைத்தே சின்னதாக எழுத்து பதித்திருப்பார்கள். அதுவும் வெளிச்சத்தால் எழுதியதுதான், கழுவினால்தான் தெரியும். ஆக, சோதனைக்கு அது போதும். டி-76 துண்டு மழைமேகம் மாதிரி முழுசாகச் சாம்பலாக வந்தது. எழுத்து இருந்ததா என்றே சந்தேகம். மற்றதும் சாம்பல்தான். ஆனால் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரிந்தது.

அண்ணன் இரண்டு துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். ‘சரி, உங்க மருந்துலயே போடுங்க. ஒரு சிட்டிகை புரோமைடு சேத்துக்குங்க. தண்ணி 18 டிகிரியைத் தாண்டக்கூடாது.’ பொட்டாசியம் புரோமைடு ஒரு கடிவாளம். வெளிச்சம் படாத துகள்கள் பக்கம் டெவலப்பர் போகாமல் இழுத்துப் பிடிக்கும். ரோடினாலைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. அதில் துகள் தூக்கலாகத் தெரியும் என்பதால், இருக்கிற மூட்டத்தோடு அதுவும் சேர்ந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஜோசியம்தான் பார்க்கவேண்டும்.

எட்டு நிமிடம். கேன் தண்ணீர், வாளியில் ஐஸ், நடுவில் தொட்டி. அரை நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தவேண்டும். எத்தனையோ ரோல் கழுவியிருக்கிறேன். கடிகாரத்தை அவ்வளவு முறைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு ஹைப்போ. பிறகு கழுவி, கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன்.

பன்னிரண்டு ஃப்ரேமில் ஐந்தில் ஒன்றுமில்லை. மூட்டம் மட்டும். நாலு பாஸ்போர்ட் படங்கள், யாரென்று தெரியாத ஆண்கள். ஒன்று, பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பையன். கடைசி இரண்டும் ஒரே குரூப். தாஜ்மகாலுக்கு முன்னால் கணவன், மனைவி, கைக்குழந்தை. நடுவே மர நாற்காலியில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, பாம்படக் காதோடு ஒரு பாட்டி. இரண்டில் ஒன்றில் பாட்டி கண்ணை மூடியிருந்தார். இன்னொன்றில் சித்தப்பாவை நேராக முறைத்துக்கொண்டிருந்தார்.

சித்தியின் படம் ஒன்றாவது இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். சொல்லாவிட்டாலும் சித்தியும் எதிர்பார்த்திருக்கலாம். பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். குரூப் போட்டோ வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ‘இவுகளா!’ என்றார். எழுந்து உள்ளே போனார். பரணிலிருந்து ஆர்டர் நோட்டு வந்தது. கடைசியாக எழுதியிருந்த பக்கம். சித்தப்பாவின் கையெழுத்தில்: குரூப், 2 காப்பி, 40 ரூபாய். அட்வான்ஸ் 25. பாக்கி 15.

‘அட்வான்ஸ் வாங்கியிருக்காகய்யா’ என்றார் சித்தி. பாஸ்போர்ட் போட்டோக்காரர்கள் வேறு இடத்தில் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அது போகட்டும், இது அப்படியில்லை என்று அவரே ஒரு கணக்குப் போட்டார். ‘அந்தக் கெழவி அடுத்த வருசமே போயிட்டா. துட்டியில வைக்க ஒரு படமில்லன்னு அப்ப வந்து கேட்டாக. இவுக படுத்த படுக்கையா இருந்தாக. நான் என்னத்தச் சொல்ல?’

இரண்டு தெரு தள்ளி வீடு. கைக்குழந்தையாக இருந்தவர் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா உள்ளேயிருந்து வந்து படத்தை வாங்கினார். முதலில் தன்னைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு நாற்காலியில் இருப்பவரைப் பார்த்துவிட்டு, ‘எங்காத்தா’ என்று மகனிடம் சொன்னார். மகன் அந்த முகத்தை அதுவரை பார்த்ததில்லை. படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ‘ஏன்ப்பா மொறைக்கி?’ என்றார். ‘ஃபிளாஷைப் பாத்து பயந்துட்டா’ என்றார் அப்பா.

ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைச் சித்தியிடம் நீட்டினார்கள். சித்தி வாங்கவில்லை. பாக்கி பதினைந்துதான் என்றார். அவர்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். சித்தி நோட்டை விரித்துக் காட்டினார். கடைசியில் கடைக் கல்லாவைக் கிளறி, ஒரு பத்து ரூபாய்த் தாளும் ஒரு ஐந்து ரூபாய் நாணயமும் கொடுத்தார்கள். சித்தி என் பேனாவை வாங்கி, பாக்கி 15 என்ற இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு, ‘வரவு’ என்று எழுதினார்.

திரும்பி வரும் வழியில், ‘கழுவுன கூலி எவ்வளவுய்யா?’ என்று கேட்டார்.

‘அதெல்லாம் ஒண்ணுமில்ல சித்தி.’

‘மருந்து சும்மாவா வருது?’

ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.